மஞ்சள் கோட்டுக்கு வெளியே

என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். கையுறை அளவு ஆறு. இந்த இரண்டு எண்களும் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் கை கழுவிக்கொண்டு உள்ளே நுழைவதற்கு முன்பே தியேட்டர் அக்கா மேசைக்கு இடதுபுறம் ஓர் இரும்புப் படியைக் கொண்டுவந்து போட்டிருப்பார். லேப்ராஸ்கோப்பியில் கருவிகள் நீளமானவை. வயிற்றில் போட்ட துளைகள் வழியாக அவற்றை மேலிருந்து பிடிக்க வேண்டும். மேசை ஓரளவுக்கு மேல் தாழாது. படி இல்லாவிட்டால் என் முழங்கைகள் தோள் உயரத்துக்கு ஏறிவிடும், ஒரு மணி நேரத்தில் கழுத்து கல்லாகிவிடும். இருபது வருடங்களாக அந்தப் படியில் ஏறி நின்றுதான் மற்ற பெண்களின் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் ஸ்டேப்ளர் கருவியை ஒரு கையால் அழுத்த முடியாமல் இரண்டு கையாலும் அழுத்துவேன். "சாப்பிட்டுட்டு வாம்மா" என்று சீனியர்கள் சிரிப்பார்கள். எனக்கே என் கையில் ஏதோ குறை என்றுதான் தோன்றியது. 2004இல் 726 லேப்ராஸ்கோப்பி மருத்துவர்களிடம் கேட்டு வெளியிட்ட ஓர் ஆய்வை வெகுநாள் கழித்துப் படித்தேன். கையுறை அளவு ஆறரையும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இந்தக் கருவிகளோடு சிரமம் அதிகம் என்றது அது. ஆறரைக்குக் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்தச் சீனியர்களில் ஒருவரையாவது தேடிப் பிடித்து இதைக் காட்ட வேண்டும் என்று அல்பமாக ஓர் ஆசை இன்னும் இருக்கிறது.

ஆகவே, மூன்று வருடங்களுக்கு முன்னால் இரண்டு இளம் பொறியாளர்கள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்து, "மேடம், இனிமேல் நீங்க மானிட்டரை அண்ணாந்து பாக்கவே வேண்டாம்" என்றபோது, என் கழுத்துதான் முதலில் சம்மதித்தது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு கண்ணாடி. ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடி. தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் 'மிகை' எனக்குப் பிடிக்கும். உள்ளதோடு எதையோ கூட்டியிருக்கிறார்கள் என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

கூட்டுவது எதை? ஆபரேஷனுக்கு முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் கர்ப்பப்பை எது, கட்டி எது என்று எல்லை பிரித்து, கணினியில் ஒரு முப்பரிமாண உருவம் செய்துவிடுவார்கள். ஆபரேஷன் நடக்கும்போது தொப்புள் வழியாகப் போன கேமரா உள்ளே இருப்பதைக் காட்டும். அந்த நேரடிப் படத்தின் மேல் இந்த உருவத்தைச் சரியாகப் பொருத்திவைத்தால், சதைக்குள் புதைந்திருக்கும் கட்டியின் விளிம்பு மஞ்சள் கோடாகத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் இது அத்தனையும் என் முகத்துக்கு எதிரே, நான் விரும்பும் உயரத்தில் மிதக்கும்.

இதன் அருமை துளை போட்டு ஆபரேஷன் செய்கிறவர்களுக்குத்தான் புரியும். வயிற்றைக் கிழித்துச் செய்த காலத்தில் கர்ப்பப்பையை உள்ளங்கையில் ஏந்தி, மாவுக்குள் கிடக்கும் கல்லைத் தேடுவதுபோல விரலால் அமுக்கிப் பார்த்துக் கட்டியைக் கண்டுபிடித்தோம். லேப்ராஸ்கோப்பி நோயாளிக்கு வலியைக் குறைத்தது, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் எங்கள் விரலை வாங்கிக்கொண்டது. கம்பியின் நுனியால் தட்டிப் பார்த்து ஆழத்தில் இருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டியை உணர முடியாது. இழந்த தொடுதலுக்குப் பதிலாகக் கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பிரான்சில் கிளெர்மோன்-ஃபெராங் நகரில் மருத்துவர் நிக்கோலா பூர்டெல், கணினி அறிஞர் அட்ரியான் பார்ட்டோலி ஆகியோரின் குழு பத்தாண்டுகளுக்கு மேலாகக் கர்ப்பப்பைக் கட்டிகளில் இதைத்தான் செய்து பார்த்துவருகிறது.

சிக்கலும் அங்கேயேதான். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பெண் மல்லாந்து அமைதியாகப் படுத்திருக்கிறாள். ஆபரேஷனில் வயிற்றுக்குள் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை நிரப்புகிறோம், தலையைத் தாழ்த்திச் சாய்க்கிறோம், கர்ப்பப்பையைக் கீழிருந்து தள்ளுகிறோம், கத்தி வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் உறுப்பு நெளிகிறது, இடம் மாறுகிறது. படத்தில் இருக்கும் கர்ப்பப்பை நேற்றைய கர்ப்பப்பை. கல்லீரல் மாதிரி குழைவான உறுப்புகளில் இன்னும் கஷ்டம். கர்ப்பப்பை கொஞ்சம் கெட்டியானது என்பதால் ஓரளவு ஒத்துழைக்கிறது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அரைக் கிலோவுக்குச் சற்று மேலே எடை. என் கொண்டைக்கு மேலே அந்தப் பட்டை உட்காராது. கொண்டையை இறக்கிப் போட்டால் தொப்பி உட்காராது. முதல் நாள் அரை மணி நேரத்தில் எனக்குக் குமட்டியது. கருவிழிகளுக்கு இடையிலான தூரம் ஆண்களுக்குச் சராசரியாக 64 மில்லிமீட்டர், பெண்களுக்கு 62. கேட்டால் அற்பமான வித்தியாசம். ஆனால் 2020இல் அமெரிக்காவில் கே ஸ்டானி குழு வெளியிட்ட ஆய்வு, மெய்நிகர் கண்ணாடிகளில் பெண்களுக்கு அதிகமாகத் தலைசுற்றுவதற்கு அந்தத் தூரம் பொருந்தாததே முக்கியக் காரணம் என்றது. பொறியாளர் தம்பிகள் நல்லவர்கள். நான் சொன்னதும் அளந்தார்கள், மாற்றினார்கள். "இதுவரைக்கும் யாரும் சொல்லல மேடம்" என்றார்கள். எத்தனை பெண்கள் போட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டேன். நான்தான் முதல் ஆள்.

போடுகிறவர்கள் பட்டியலில் நாம் இவ்வளவு தாமதமாக வருகிறோம். படுத்திருப்பவர்கள் பட்டியலில் எப்போதும் முதலில் இருந்திருக்கிறோம். 1992இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஃபுக்ஸ் குழு, தலையில் மாட்டும் திரையில் அல்ட்ராசவுண்ட் படத்தை உடலின் மேலேயே பொருத்திக் காட்டியது. மருத்துவத்தில் இந்த நுட்பத்தின் தொடக்கங்களில் ஒன்று அது. அவர்கள் பார்த்தது ஒரு கர்ப்பிணியின் வயிற்றை. லேப்ராஸ்கோப்பியின் கதையும் அப்படித்தான். 1910இல் ஸ்வீடனில் யாகோபேயுஸ் மனித வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த பிறகு, அந்தக் குழாயைப் பிடிவாதமாக வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பாரிஸில் ராவுல் பால்மர், ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் போன்ற மகப்பேறு மருத்துவர்கள். அதாவது, பெண்களின் வயிற்றில் பழகிய கைகள். 1980இல் செம் அந்தக் குழாயால் குடல்வாலை எடுத்தபோது பொது அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள்.

நம் ஊருக்கு அந்தக் குழாய் எப்படி வந்தது என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த வரலாறு அல்ல. எண்பதுகளின் நடுவில் என் பெரியம்மா கு.க. ஆபரேஷன் செய்துகொண்டார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம். ஐந்தாம் வகுப்பு அறை தியேட்டர், தாழ்வாரத்தில் பாய். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையாகப் படுத்திருந்த பெண்களில் பெரியம்மா எது என்று எனக்கு உடனே தெரியவில்லை, எல்லோரும் ஒரே நிறத்தில் போர்த்தியிருந்தார்கள். வரும்போது ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். அந்த வாளி வெகுகாலம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க இருந்தது. நான் மருத்துவம் படிக்கப் போன பிறகு பெரியம்மா ஒருநாள் தொப்புளுக்குக் கீழே இருந்த சின்னத் தழும்பைக் காட்டினார். "கண்ணாடிய வுட்டுப் பாத்தாங்க கண்ணு. என்னத்தப் பாத்தாங்கன்னு எங்கிட்ட ஆருஞ் சொல்லுல."

ஆறுதலுக்கு, அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்ல முடியாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் கருத்தடை செய்தார்கள். அவர்களில் பதின்மூன்று பேர் செத்துப்போனார்கள். அதே மாதக் கடைசியில் ஒடிசாவின் அங்குல் மாவட்டத்தில் 56 பெண்களுக்கு வயிற்றில் காற்றடிக்க சைக்கிள் பம்பைப் பயன்படுத்தியதாகச் செய்தி வந்தது. மூன்று ஆண்டுக்குள் முகாம்களை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2016இல். லேப்ராஸ்கோப்பியைப் பற்றிய கருத்தரங்குகளில் ரோபோ வரும், கண்ணாடி வரும், செயற்கை நுண்ணறிவு வரும். சைக்கிள் பம்ப் வராது.

அந்தப் பெண்ணுக்கு வயது முப்பத்தாறு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முதல்முறை கணவரும் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் ஏழு. ஏற்கனவே பார்த்த இடத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். மாமியாருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. "ரெண்டு புள்ள ஆச்சு, கு.க.வும் பண்ணியாச்சு. இனி அது எதுக்குங்க? லேசர்ல எடுத்துப்போடலாமுங்களே." துளை போட்டுச் செய்வதை எங்கள் பக்கம் எல்லோரும் லேசர் என்றுதான் சொல்வார்கள். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன்.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டேன். நீங்கள் என்னம்மா நினைக்கிறீர்கள்?

"இருக்கட்டுமுங்க மேடம்."

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்றேன். சிரித்தாள். "அதெல்லாம் இல்லீங்க. என்னோடது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கர்ப்பப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுப்பதற்கு மருத்துவப் புத்தகங்கள் ஏற்கும் முதல் காரணம் குழந்தைப் பேறு. 'என்னோடது' என்பதற்குக் கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் கிடையாது. 'நோயாளியின் விருப்பம்' என்று எழுதினேன். எழுந்து போகும்போது அவள் திரும்பி, இடது அடிவயிற்றின் ஆழத்தில் ஓர் இடத்தை ஒற்றை விரலால் காட்டினாள். "ரத்தப்போக்கு சரி. இந்த எடத்துல ஆணி அடிச்ச மாதிரி வலிக்குதுங்களே, அது என்னன்னு பாத்துருங்க. அந்த நாள்ல வெளிக்கிருக்க உக்காந்தா உசுரு போயிருது." அதையும் எழுதினேன். ஒரு வரி.

எம்.ஆர்.ஐ.யில் இரண்டு கட்டிகள். பின்சுவரில் நான்கு சென்டிமீட்டரில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஆழத்தில் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒன்று. இடதுபக்கம் பற்றி அறிக்கையில் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு இதைவிடப் பொருத்தமான கேஸ் கிடைக்காது. எங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தது, அவளும் கேள்விகள் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ஒன்று சொல்ல வேண்டும்: மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் அவள் கேட்ட கடைசிக் கேள்வியும் அந்த ஆணியைப் பற்றித்தான்.

உள்ளே போனதும் இடுப்புக்குள் ஒரு முழுச் சுற்று பார்ப்பது என் வழக்கம். குடல்வால், இரண்டு முட்டைப்பைகள், கர்ப்பப்பைக்கு முன்னால், பின்னால், பக்கவாட்டில். பயிற்சி மருத்துவர்களிடம் கோயில் பிரகாரம் மாதிரி, ஒரு சந்நிதியையும் விடக்கூடாது என்பேன். அன்று உருவத்தைச் சீக்கிரம் பொருத்திவிட வேண்டும் என்று பொறியாளர்கள் காத்திருந்தார்கள். கர்ப்பப்பை அசையாமல் இருக்கும்போதே அதன் உச்சி, குழாய்கள் தொடங்கும் இரண்டு முனைகள் என்று புள்ளிகள் குறிக்க வேண்டும். அவசரமாக ஒரு சுற்று வந்தேன். அப்போதே மஞ்சள் கோடு மேலே வந்துவிட்டது.

அழகாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வழவழப்பான இளஞ்சிவப்புச் சதைக்குள்ளே இரண்டு மஞ்சள் வட்டங்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இருபது வருடம் யூகித்து யூகித்துக் கத்தி வைத்தவளுக்கு யாரோ விளக்கைப் போட்டதுபோல இருந்தது. ஒரே கீறலில் இரண்டு கட்டிகளையும் எடுத்தேன். வழக்கமாகச் சின்னதைத் தேடி இன்னொரு கீறல் போட்டிருப்பேன், அல்லது விட்டுவிட்டு வந்திருப்பேன். ரத்தம் அதிகம் போகவில்லை. மூன்று அடுக்காகத் தைத்து முடித்தபோது பொறியாளர்களில் ஒருவன் மெதுவாகக் கைதட்டினான். தையலைச் சரிபார்த்துவிட்டு முடிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மேடம், எடது பக்கம் கீழ ஒருக்கா பாத்துருங்க."

சிஸ்டர்தான். கண்ணாடி என் ஒருத்திக்குத்தான். மற்றவர்கள் எல்லோரும் பழைய மானிட்டரில், கோடு எதுவும் இல்லாத வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆரம்பத்துலயே ஓரத்துல என்னமோ கறுப்பாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. நீங்க பாத்திருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

மஞ்சள் உருவத்தை அணைத்துவிட்டுக் கேமராவைக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையைப் பின்னாலிருந்து இடுப்பெலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் நார் ஒன்று இடதுபக்கம் உண்டு. அதன் மேல், பட்டாணி அளவில், கருநீலத்தில், சுற்றிலும் சுருங்கிய வெள்ளைத் தழும்போடு ஒரு முடிச்சு. எண்டோமெட்ரியோசிஸ். அவள் விரல் வைத்துக் காட்டிய இடம்.

நான் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. 2013இல் கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் செய்த ஆய்வைப் பற்றி நானே இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறேன். மூக்கு வழியாகச் செய்யும் என்டோஸ்கோப்பி. ஒரு பகுதி மருத்துவர்களுக்கு வழிகாட்டும் கோடுகள் போட்ட படம், மற்றவர்களுக்கு வெறும் படம். கோடு கிடைத்தவர்கள் இலக்கைத் துல்லியமாகத் தொட்டார்கள். ஆனால் கண்ணெதிரே வைத்திருந்த ஒரு திருகாணியைப் பார்க்கத் தவறியவர்கள் அவர்களில்தான் அதிகம். இந்த ஆய்வைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எனக்கு நடக்காது என்று நான் எப்போது முடிவு செய்தேன் என்பது தெரியவில்லை. இத்தனைக்கும் என் நோயாளி திருகாணி எங்கே என்று முன்கூட்டியே இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போடுவது எனக்கு வசதி. அது நியாயமில்லை. அந்த முடிச்சை எடுக்கவும் எங்களுக்கு அதே மாதிரியான இன்னொரு வசதிதான் உதவியது. அதற்கு ஒட்டினாற்போல யூரேட்டர் போகிறது, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாய். கர்ப்பப்பை ஆபரேஷன் செய்கிற எவருக்கும் இரவில் கனவில் வருவது அதுதான். லேசாகத் தொட்டால் புழுப்போல நெளியும், அதை வைத்துத்தான் அடையாளம் காண்போம். தழும்புக்குள் மாட்டிக்கொண்டால் நெளிவதும் தெரியாது. மூத்திரப்பை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை உள்ளே செலுத்தினோம். அறுபது வருடங்களுக்கு மேல் புழக்கத்தில் இருக்கும் பழைய சாயம். அகச்சிவப்புக்கு அருகான ஒளியைப் பாய்ச்சினால் அது ஒளிரும், கேமரா அதைப் பச்சையாக்கித் திரையில் காட்டும். தழும்புக்குப் பின்னால் பச்சைக் குழாய் தெளிவாக எழுந்துவந்தது. முடிச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

அந்தப் பச்சையும் முந்தைய மஞ்சளும் பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் பச்சை, அந்த நிமிடம் அவள் உடலுக்குள் இருக்கும் சாயத்திலிருந்து வருகிறது. குழாய் நகர்ந்தால் அதுவும் நகரும். மஞ்சள், ஒரு வாரத்துக்கு முன்னால் எடுத்த படத்தை வைத்து நாங்கள் வரைந்தது. எம்.ஆர்.ஐ.க்குத் தெரியாதது மஞ்சளுக்கும் தெரியாது. கேஸ் ஷீட்டில் நான் எழுதிய ஒரு வரியை அந்த உருவத்தில் எங்கே வைப்பது என்று பொறியாளர்கள் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியை உட்காரவைத்து, எங்கே வலி என்று கேட்டு, அந்த இடத்தை உருவத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். "அது அளக்க முடியாத தரவு மேடம்" என்று தம்பி முதலில் தயங்கினான். அளக்க வேண்டாம், வை என்றேன். முதல் சுற்று முடியும்வரை எந்த உருவமும் மேலே வரக்கூடாது. சுற்று முடிந்தது என்று சிஸ்டர் சொல்ல வேண்டும், நான் அல்ல. இந்த இரண்டும் எங்கள் தியேட்டரில் இப்போது வழக்கம்.

ஆறு வாரம் கழித்து அவள் தனியாக வந்தாள். ரத்தப்போக்கு மட்டுப்பட்டிருந்தது. ஆணி? "அந்த எடத்துல இல்லீங்க" என்று சந்தேகத்தோடு சொன்னாள், சொன்னால் திரும்ப வந்துவிடுமோ என்பதுபோல. நடந்ததைச் சொன்னேன். அவசரமாகப் பார்த்ததையும், நான் விட்டதையும், சிஸ்டர் கண்டுபிடித்ததையும். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எங்க லைன்லயும் அப்படித்தானுங்க" என்றாள். "ஸ்டிக்கர் ஒட்டின டேமேஜையே பாத்துட்டிருந்தா பக்கத்துல இருக்கற ஓட்டை தெரியாது." பிறகு, படம் பிடித்தீர்கள்தானே, பார்க்கலாமா என்று கேட்டாள்.

கணினியில் போட்டேன். மஞ்சள் வட்டங்கள் வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் துணியைப் பார்ப்பவளைப்போல முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இந்த மஞ்சக் கோடு நெசமா உள்ள இருக்குதுங்களா?"

"இல்லம்மா. நாங்க போட்டது."

"அப்ப அத எடுத்துட்டுக் காட்டுங்க."

கோடு இல்லாத பதிவைத் தேடிப் போட்டேன். நீர் பட்டு மினுங்கும் கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் கு.க.வில் வெட்டிக் கட்டிய குழாய்களின் மழுங்கிய முனைகள், பின்னால் மெல்ல நகரும் குடல். அவள் எதுவும் பேசவில்லை. சில நிமிடம் கழித்து, "எவ்வளவு நேரம் ஓடுமுங்க?" என்றாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் என்றேன். வெட்டிச் சுருக்கிக் காட்டட்டுமா?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பது. "ரெண்டு மணிக்குத்தானுங்க ஷிஃப்டு. முழுசும் பாக்கறேன்."

வெளியே பதினாலு டோக்கன் காத்திருந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்க்க அவளுக்கு ஒரு மடிக்கணினியைக் கொடுக்கச் சொல்லி சிஸ்டரைக் கூப்பிட்டேன்.